ரிசீவ் பாதிதான் தருகிறது: எடைமேடை நிரலில் வந்த வம்பு

குச்சிக்கிழங்கு, மாலை 6.40

வணக்கம். ஆத்தூர் சாலையில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு எடைமேடை நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசலில் எடைமேடை அறை, உள்ளே கணக்கர் அறை. இரண்டிலும் ஒவ்வொரு லினக்ஸ் கணினி, நடுவில் லேன் கம்பி. கிழங்கு லாரி மேடையில் ஏறி இறங்கியதும் வண்டி எண், விவசாயி பெயர், ஊர், பாரத்தோடு எடை, வெற்று எடை, தரகர் குறிப்பு எல்லாம் சேர்ந்த சீட்டு ஒன்று டிசிபி சாக்கெட் (இரு கணினிகளின் நிரல்கள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாகக் கணக்கருக்குப் போகும். எழுதியது பைத்தானில். அனுப்பும் பக்கம் சென்ட், வாங்கும் பக்கம் ரிசீவ்(4096). விவரமெல்லாம் தமிழில் இருப்பதால் ஒரு சீட்டு 1,700 பைட் வரை வரும். 4096 தாராளம் என்று நினைத்தேன்.

வீட்டில் ஒரே கணினியில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஆலையில் வைத்த முதல் நாளே மானம் போயிற்று. சில நேரம் பாதிச் சீட்டு வருகிறது. சில நேரம் ஒன்றரைச் சீட்டு ஒட்டிக்கொண்டு வருகிறது. சில நேரம் யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) பிழை என்று சொல்லி நிரலே விழுந்துவிடுகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. எடைகாட்டும் கருவியின் சீரியல் கம்பியை ஈதர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டி வழியாக எடை எண் வருகிறது. நேற்று 24,860 கிலோ லாரிக்கு 248 கிலோ என்று சீட்டு அடித்துவிட்டது. முதலாளி அதை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிச் சிரித்தார்.

டிசிபி நம்பகமானது, எதையும் தொலைக்காது என்றுதானே படித்தோம்?

மல்கோவா, மாலை 6.52

இதற்கா இவ்வளவு பெரிய கடிதம்? 4096ஐ 65536 ஆக்குங்கள். ஒரு சென்டுக்கும் அடுத்த சென்டுக்கும் நடுவில் நிரலை அரை நொடி தூங்கவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்கு நான் எழுதியது மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

குரங்குச்சாவடி, இரவு 7.30

தம்பி, டிசிபி உங்கள் சீட்டில் ஒரு பைட்டைக்கூடத் தொலைக்கவில்லை, வரிசையையும் மாற்றவில்லை. அது கொடுத்த வாக்கு அவ்வளவுதான். 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 793 என்ற டிசிபி விதி ஆவணத்தைப் பாருங்கள், அதன் இடத்துக்கு 2022 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 9293ஐயும் பாருங்கள். நீங்கள் ஒரு சென்டில் கொடுத்ததை மறுமுனையில் ஒரு ரிசீவில் தருவேன் என்று எங்கும் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே.

மொட்டைமாடித் தொட்டியில் நீங்கள் குடம் குடமாக ஊற்றலாம். கீழே குழாயைத் திறப்பவருக்கு வருவது தண்ணீர். எது முதல் குடம், எது இரண்டாவது குடம் என்று அதில் எழுதியிருக்காது. சொம்பை நீட்டினால் சொம்பளவு. அண்டாவை நீட்டினால் அண்டா நிறைய வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த நேரத்தில் குழாயில் இருந்தது வரும். உங்கள் 4096 என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. "இதற்கு மேல் வேண்டாம்" என்றுதான் அதற்குப் பொருள், "இவ்வளவு கொடு" என்று பொருளில்லை. ஆகவே மல்கோவா சொன்னபடி பாத்திரத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. ஒட்டிக்கொண்டு வருவது இன்னும் கூடும்.

தூங்கவிடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழியில் ஒரு பாக்கெட் (பைட்டுகள் கம்பியில் போகும் பொட்டலம்) தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால், அல்லது வாங்கும் நிரல் வேறு வேலையில் சிக்கிக்கொண்டால், உங்கள் அரை நொடி கரைந்து இரண்டு சீட்டும் சேர்ந்தே கையில் விழும். மூன்று வருடம் விழவில்லை என்றால் அந்தப் பட்டறையின் கம்பி நல்ல கம்பி, அவ்வளவுதான்.

தம்பியிடம் ஒரு கேள்வி: பாதிச் சீட்டு வரும்போது முதல் துண்டு எத்தனை பைட் என்று பதிவு இருக்கிறதா?

குச்சிக்கிழங்கு, இரவு 7.48

இருக்கிறது ஐயா. இப்போதுதான் பார்த்தேன். பெரும்பாலும் 1448. அது ஏன் அந்த எண் என்றுதான் புரியவில்லை.

குரங்குச்சாவடி, இரவு 8.05

நான் நினைத்ததுதான். ஈதர்நெட் ஒரு தவணையில் சுமப்பது 1500 பைட். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20, லினக்ஸ் வழக்கமாகச் சேர்க்கும் நேரமுத்திரைக்கு 12. மிச்சம் 1448. உங்கள் 1,700 பைட் சீட்டு இரண்டு பாக்கெட்டாகப் போகிறது. முதல் பாக்கெட் வந்த கையோடு ரிசீவ் விழித்துக்கொண்டு இருப்பதைக் கொடுத்துவிடுகிறது.

வீட்டில் ஏன் நடக்கவில்லை? ஒரே கணினிக்குள் பேசும்போது பயன்படும் உள்வளைய இடைமுகத்துக்கு லினக்ஸில் எல்லை 65,536 பைட். உங்கள் சீட்டு வெட்டுப்படாமல் போனது அதனால்தான். இந்தப் பிழையின் வஞ்சகமே இதுதான், எழுதுபவன் மேசையில் ஒருநாளும் தலைகாட்டாது.

அதற்காக 1448ஐ நம்பி நிரல் எழுதிவிடாதீர்கள். நாளைக்கு வேறு சாலை, வேறு எண்.

தட்டுவடை, இரவு 8.20

ஐயா சொன்னதற்கு மருந்து இது. எந்த மொழியானாலும் நடை ஒன்றுதான்:

முழுதும்_வாங்கு(சாக்கெட், தேவை):
    கையில் = வெற்றுப் பைட்டுகள்
    நீளம்(கையில்) < தேவை என்னும் வரை:
        துண்டு = சாக்கெட்.ரிசீவ்(தேவை − நீளம்(கையில்))
        துண்டு வெறுமை என்றால்: "பாதியில் அறுந்தது" என்று பிழை எழுப்பு
        கையில் = கையில் + துண்டு
    கையில் இருப்பதைத் திருப்பிக் கொடு

அந்த "வெறுமை" வரியை மறந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிசீவ் 0 பைட் கொடுத்தால் எதிர்ப்பக்கம் முறையாகக் கதவைச் சாத்திவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காவிட்டால் சுழற்சி நிற்காமல் சுற்றும், கணினி அடுப்பு போலச் சூடாகும். சி மொழியில் −1 வந்தாலும் உடனே பதறக் கூடாது. ஒரு சிக்னல் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) குறுக்கிட்டதாலோ, தடைசெய்யாத (காத்திராமல் உடனே திரும்பும்) சாக்கெட்டில் அப்போதைக்கு ஒன்றும் இல்லாததாலோ வந்திருக்கலாம். பிழை எண்ணைப் பார்த்து மறுபடி முயல வேண்டும். பைத்தான் 3.5 முதல் சிக்னல் விஷயத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது.

இனி "தேவை" எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளத்தை எழுதி அனுப்புங்கள், மதிப்பில் பெரிய பைட் முதலில் வரும் வலையமைப்பு முறையில். வாங்கும் பக்கம் முழுதும்_வாங்கு(4), பிறகு முழுதும்_வாங்கு(நீளம்). அந்த 4 பைட் மட்டும் பிய்ந்து வராது என்று எண்ணி அதற்கு வெறும் ரிசீவ் போட்டுவிடாதீர்கள். அதுவும் ஒன்று, மூன்று என்று பிரிந்து வரலாம்.

குச்சிக்கிழங்கு, இரவு 9.35

அக்கா, நீங்கள் சொன்னபடியே எழுதினேன். சோதனைக்கு முதலில் "ok" என்ற பொருளில் இரண்டு ஆங்கில எழுத்துகளை அனுப்பினேன், சரியாக வந்தது. பிறகு "சேலம்" என்று ஒரே சொல்லை அனுப்பினேன். முதலில் குப்பையாக 5 பைட், அடுத்த நீளம் என்று 2,27,96,48,946 வருகிறது. 227 கோடி பைட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது நிரல்.

குரங்குச்சாவடி, இரவு 9.50

அந்த எண்ணை 4 பைட்டாகப் பிரித்தேன்: 135, 224, 174, 178. தமிழ் எழுத்துக் குறிகள் யுடிஎஃப்-8இல் மூன்று மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அப்படியானால் இங்கே 224, 174, 178 என்பது "ல". அதற்கு முன்னால் தனியாக நிற்கும் 135 என்பது "சே"யின் ஒற்றைக்கொம்பின்... தவறு, இரட்டைக்கொம்பின் கடைசி பைட். உங்கள் சொல்லின் வயிற்றைக் கிழித்து அதை நீளம் என்று படித்திருக்கிறீர்கள்.

நீளத்தை எதில் எண்ணினீர்கள் என்று பாருங்கள். "சேலம்" கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தான் சரத்துக்கு 5, கம்பிக்கு 15. முதலில் பைட்டாக மாற்றி, பிறகு எண்ண வேண்டும். நீங்கள் மாற்றுவதற்கு முன்னால் எண்ணியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் ஒன்றாகவே இருப்பதால் அங்கே இந்தத் தவறு பல்லைக் காட்டாது. தமிழில் முதல் சொல்லிலேயே காட்டிக்கொடுத்துவிட்டது, நல்லதுதான்.

உங்கள் பழைய யுடிஎஃப்-8 பிழைக்குக் காரணம், எழுத்தின் நடுவில் வெட்டு விழுவதே. 1448ஐ 3ஆல் வகுத்தால் மீதி வரும். தமிழோடு இடைவெளி, இலக்கம் எல்லாம் கலந்தால் வெட்டு எங்கே விழும் என்று சொல்லவே முடியாது. துண்டு துண்டாக எழுத்தாக்காமல், முழுச் சீட்டும் கைக்கு வந்த பிறகு ஒரே தடவையில் எழுத்தாக்குங்கள்.

தட்டுவடை, இரவு 10.02

கூடவே ஒரு உச்சவரம்பும் வையுங்கள். நீளம் 64,000க்கு மேல் என்றால் கேள்வி கேட்காமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இன்றைக்கு உங்கள் தவறால் 227 கோடி வந்தது. நாளைக்கு யாராவது வேண்டுமென்றே அனுப்பினால் கணினியின் நினைவகம் அத்தனையும் போய்விடும்.

மல்கோவா, இரவு 10.10

ஒரு எழுத்துச் சீட்டுக்கு இவ்வளவு சடங்கா? கடைசியில் ஒரு புதுவரிக் குறி போட்டு, அது வரும்வரை படித்தால் முடிந்தது. கண்ணால் பார்த்தே சோதிக்கலாம், டெல்நெட்டில் (இணைப்பில் கையால் தட்டி அனுப்பும் கருவி) தட்டியே சோதிக்கலாம்.

குரங்குச்சாவடி, இரவு 10.25

இதில் மல்கோவா பக்கம் நியாயம் இருக்கிறது. எழுத்து மட்டும் போவதானால் நானும் புதுவரியைத்தான் தேர்ந்தெடுப்பேன். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும், ஆகவே புதுவரியின் 10 என்ற பைட் எழுத்துக்குள் ஒளிந்திருக்க வழியில்லை. பைட்டாகவே வைத்துக்கொண்டு 10ஐத் தேடிப் பிரிக்கலாம். ஆனால் தரகர் குறிப்புக்குள் யாராவது புதுவரி தட்டிவிட்டால் சீட்டு இரண்டாகிவிடும், அதைத் தடுக்க வேண்டும். படம், ஒலி என்று ஏதாவது போவதானால் நீளம்தான் வழி.

புதுவரி முறையில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு ரிசீவில் ஒன்றரைச் சீட்டு வந்தால் முதல் சீட்டை எடுத்துக்கொண்டு மீதி அரையை எறிந்துவிடுகிறார்கள். அந்த அரை அடுத்த சீட்டின் தலை. அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த ரிசீவில் வருவதை அதன் பின்னால் ஒட்ட வேண்டும்.

குச்சிக்கிழங்கு, இரவு 10.40

லாரியின் நம்பர் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே நீளமே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எடைகாட்டும் கருவிக்கு நான் ஒன்றும் கட்டளையிட முடியாதே? அது பாட்டுக்கு ஆறு இலக்கம், பிறகு வரிமுடிவுக் குறி, மறுபடி ஆறு இலக்கம் என்று ஓயாமல் அனுப்புகிறது.

குரங்குச்சாவடி, இரவு 10.58

அங்கே மல்கோவாவின் முறைதான் கதி. கருவி 024860 என்று அனுப்பியிருக்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வர ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகிறது. நடுவில் உள்ள பெட்டி கையில் சேர்ந்ததை அவ்வப்போது பாக்கெட்டாக்கித் தள்ளிவிடும். உங்களுக்கு 0248 முதலிலும் 60 பிறகும் வந்திருக்கும். நீங்கள் 0248ஐ எண்ணாக்கி 248 கிலோ என்று அடித்துவிட்டீர்கள். வரிமுடிவுக் குறி வரும்வரை எதையும் எண்ணாக்கக் கூடாது.

இதைவிட ஆபத்தானது இணைப்பின் முதல் வரி. நீங்கள் இணையும் நேரத்தில் கருவி பாதி எண்ணில் இருக்கலாம். 4860 என்று தொடங்கி, ஒழுங்காக வரிமுடிவோடு வந்து சேரும். 248 கிலோ என்றால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். 4,860 என்றால் வெற்று வண்டி என்று நம்பிவிடுவார்கள். ஆகவே இணைந்ததும் முதல் வரிமுடிவு வரை வருவதை வீசிவிட்டு அதற்குப் பிறகே படியுங்கள். சரியாக ஆறு இலக்கம் இல்லாத வரியையும் ஏற்காதீர்கள்.

இருபதாவது_வளைவு, காலை 7.15

எல்லோரும் வாங்கும் பக்கத்தையே பேசுகிறீர்கள். என் பிரச்சினை அனுப்பும் பக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் களத்துப் படங்களைக் கைப்பேசி வலை வழியாகச் சேலத்துக்கு அனுப்புகிறேன். பனி இறங்கிவிட்டால் சிக்னல் வரும், போகும். ஒரு படம் 2 எம்பி. கீழே போய்ச் சேரும் படங்களில் சில மேல்பாதி மட்டும் இருக்கின்றன, கீழ்ப்பாதி சாம்பல் நிறம். சென்ட் எந்தப் பிழையும் சொல்வதில்லை.

தட்டுவடை, காலை 8.40

சென்ட் திருப்பிக் கொடுக்கும் எண்ணைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை. சென்ட் பைட்டுகளைக் கெர்னலின் (இயங்குதளத்தின் கரு) அனுப்பு இடையகத்தில், அதாவது தற்காலிகக் கிடங்கில், வைக்கிறது. இடம் இருந்த அளவுக்கு வைத்துவிட்டு "இத்தனை எடுத்துக்கொண்டேன்" என்று எண்ணைச் சொல்கிறது. மீதியை நீங்கள்தான் மறுபடி கொடுக்க வேண்டும். தடைசெய்யும் சாதாரண சாக்கெட்டில் லினக்ஸ் பெரும்பாலும் முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் திரும்பும், அதனால் தவறு தெரியாது. ஆனால் நீங்கள் பைத்தானில் காலக்கெடு வைத்திருப்பீர்கள். காலக்கெடு வைத்தால் உள்ளுக்குள் அது தடைசெய்யாத சாக்கெட் ஆகிவிடும், பாதி எழுதல் சகஜம்.

இருபதாவது_வளைவு, காலை 8.47

ஆமாம், 30 நொடி வைத்திருக்கிறேன்.

தட்டுவடை, காலை 9.05

அப்படியானால் சென்டை எடுத்துவிட்டுச் சென்ட்ஆல் போடுங்கள். அது மீதியைத் தானே சுற்றிச் சுற்றி அனுப்பும். ஆனால் அந்த 30 நொடி இனி மொத்தப் படத்துக்கும் சேர்த்த கெடு, மலைச் சிக்னலுக்கு அதைக் கூட்ட வேண்டியிருக்கும். சென்ட்ஆல் பிழையோடு திரும்பினால் எத்தனை பைட் போயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. அதே இணைப்பில் மறுபடி முதலிலிருந்து அனுப்பினால் பாதிப் படத்தின் நடுவில் புதுப் படத்தின் தலை போய் உட்காரும். இணைப்பை மூடுங்கள், புதிதாக இணைந்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஈபோல் (பல சாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் லினக்ஸ் வசதி) வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு வரி: மீதி பைட்டுகளை வரிசையில் வைத்து, "எழுத இடம் வந்துவிட்டது" என்ற அறிவிப்பை அப்போது மட்டும் கேளுங்கள். எழுத ஒன்றும் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டிருந்தால், இடம் எப்போதும் இருப்பதால், அறிவிப்பு ஓயாமல் வரும்.

குரங்குச்சாவடி, காலை 9.30

முழுவதையும் கெர்னல் எடுத்துக்கொண்டது என்றாலும் சேலம் வந்து சேர்ந்தது என்று ஆகிவிடாது. அடிவாரம் போகும் பஸ்ஸில் மூட்டையை ஏற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். கீழே உள்ள நிரல் படத்தை வட்டில் எழுதிய பிறகு "இன்ன எண் படம் கிடைத்தது" என்று ஒரு பதில் அனுப்பட்டும். அந்தப் பதில் வரும்வரை மேலே உள்ள படத்தை அழிக்காதீர்கள். பதில் வழியில் தொலைந்தால் அதே படம் இரண்டு தடவை வரும். எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடலாம். எடைச் சீட்டுக்கும் இதே ஏற்பாடு வேண்டும் தம்பி, இல்லையென்றால் ஒரு லாரிக்கு இரண்டு தடவை பணம் போய்விடும்.

மின்சாரம் போனால் எதிர்ப்பக்கம் கதவைச் சாத்தாமலே செத்துவிடும், உங்கள் ரிசீவுக்கு 0 வராது. டிசிபியின் உயிர்ச்சோதனையை இயக்கினாலும் லினக்ஸில் அது முதல் சோதனைக்கே 7,200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம், பொறுத்திருக்கும். அந்தக் கெடுவைக் குறையுங்கள், அல்லது ரிசீவுக்குச் சொந்தமாகக் காலக்கெடு வையுங்கள்.

மல்கோவா, காலை 11.20

ஒரு சந்தேகம், எனக்கில்லை, நண்பருக்கு. 8,192 பைட் பாத்திரம் வைத்து, அது நிரம்ப நிரம்ப "மீதி இடம்" எவ்வளவோ அவ்வளவுக்கு ரிசீவ் கேட்கிறார். எப்போதாவது ரிசீவ் 0 கொடுக்கிறது. எதிர்ப்பக்கம் சாத்தவே இல்லை என்று வயர்ஷார்க்கில் (வலையில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) தெளிவாகத் தெரிகிறது. ஏன்?

தட்டுவடை, காலை 11.31

உங்கள் நண்பரின் பாத்திரம் நிரம்பிவிட்டது. மீதி இடம் 0 என்றால் ரிசீவ்(0) என்று கேட்கிறார், அதுவும் 0 பைட் கொடுக்கிறது. அதை "கதவைச் சாத்திவிட்டார்கள்" என்று படிக்கிறார். கேட்பதற்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டறையில் ஒருநாள் நிரம்பும் என்று நண்பருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

மல்கோவா, காலை 11.34

நண்பரிடம் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

குச்சிக்கிழங்கு, மறுநாள் இரவு 8.10

நீளம், உச்சவரம்பு, சீட்டு எண்ணோடு பதில், எடைக் கருவிக்கு முதல் வரியை வீசுதல் எல்லாம் வைத்தாயிற்று. ஆலைக்குப் போகாமலே இதை எப்படிச் சோதிப்பது? என் மேசையில்தான் எதுவும் பிய்வதில்லையே.

குரங்குச்சாவடி, இரவு 8.25

நீங்களே பிய்த்துக்கொள்ளுங்கள். முழுதும்_வாங்கு என்பதற்குள் ரிசீவ் கேட்கும் அளவை 1 ஆக்குங்கள். ஒவ்வொரு பைட்டாக வரும், எல்லா எழுத்தும் மூன்றாகக் கிழியும். அதில் ஒழுங்காக ஓடினால், அடுத்து அனுப்பும் பக்கத்தை மாற்றி மூன்று சீட்டை ஒரே சரமாக்கி ஒரே தடவையில் அனுப்புங்கள். பிறகு ஒரு சீட்டின் நடுவில் அனுப்பும் நிரலைக் கொன்று பாருங்கள்.

குச்சிக்கிழங்கு, இரவு 9.15

ஒவ்வொரு பைட்டாக ஓடியது, மெதுவாக, ஆனால் சரியாக. மூன்று சீட்டும் தனித்தனியாக வந்தன. நிரலைக் கொன்றபோது "பாதியில் அறுந்தது" என்று பதிவில் விழுந்தது, ஆனால் அந்த அரைச் சீட்டைக் கணக்கில் ஏற்றிவிட்டது. பிழையைப் பிடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அதைத் திருத்திவிட்டு நாளைக் காலை ஆத்தூர் பஸ் ஏறுகிறேன்.